சுவருக்கும் ஒரு வேலை: அலைகளைத் திருப்பும் திறன் பலகைகள்

காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. இங்கே கிணறுகள் ஆழமானவை. வாளி அறுந்து உள்ளே விழுந்துவிட்டால் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுவார்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் கிணற்றின் அடி இருட்டாக இருக்கும். அப்போது ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து, கிணற்று மேட்டில் நின்று, வெயிலை உள்ளே திருப்பிவிடுவார். அடியில் கிடக்கும் வாளி பளிச்சென்று தெரியும்.

மாணவ நண்பர்களே, இந்தக் கண்ணாடி என்ன செய்தது என்று எண்ணிப் பாருங்கள். அது புதிதாக ஒளி எதையும் உண்டாக்கவில்லை. அதற்கு மின்சாரமும் தேவைப்படவில்லை. தரையில் வீணாக விழவிருந்த ஒளியைத் தேவையான இடத்துக்கு அனுப்பியது, அவ்வளவுதான்.

செல்பேசியை இயக்கும் வானொலி அலைகளும் ஒளியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் மின்காந்த அலைகளே. அப்படியானால் செல்பேசி அலைகளுக்கும் ஒரு கண்ணாடி பிடிக்கலாமே? அந்தக் கண்ணாடியைக் கையால் சாய்க்காமல், சுவரில் அசையாமல் மாட்டியபடியே, அலையை வேண்டிய திசைக்குத் திருப்ப முடியுமா? முடியும் என்று ஆய்வுக்கூடங்கள் காட்டியுள்ளன. இந்தக் கருவியை ‘ரீகான்ஃபிகரபிள் இன்டெலிஜென்ட் சர்ஃபேஸ்’ என்று நீளமான பெயரால் அழைக்கிறார்கள். நாம் சுருக்கமாகத் ‘திறன் பலகை’ என்போம்.

அலை எங்கே மறைகிறது?

அலையின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். வானொலி அலையின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். எனவே 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 43 செ.மீ.; 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 9 செ.மீ.; 26,000 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு வெறும் 1.15 செ.மீ. இந்த மூன்று அலைவரிசைகளும் 2022-ஆம் ஆண்டு நம் நாட்டில் நடந்த ஐந்தாம் தலைமுறை அலைக்கற்றை ஏலத்தில் இடம்பெற்றவை.

நீண்ட அலை தடைகளைச் சுற்றி ஓரளவு வளைந்து செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். குறுகிய அலை அப்படியல்ல. அலைநீளம் குறையக் குறைய அது ஒளியைப் போலவே நடந்துகொள்கிறது. கட்டடம் குறுக்கே வந்தால் பின்னால் ‘நிழல்’ விழுகிறது. கான்கிரீட் சுவர், தகரக் கதவு, ஏன், மனித உடல்கூட அதற்குத் தடையாகும். ஆனால் மிகுந்த செய்திகளை விரைவாகச் சுமக்க அகன்ற அலைவரிசை வேண்டும். அது குறுகிய அலைகளில்தான் தாராளமாகக் கிடைக்கிறது. வேகம் வேண்டுமானால் நிழலையும் ஏற்றாக வேண்டும் என்பதே பொறியாளர்கள் முன் நிற்கும் சிக்கல்.

இதுவரை அவர்கள் அலையை அனுப்பும் கருவியையும் பெறும் கருவியையும் மட்டுமே திருத்தி வந்தனர். நடுவில் உள்ள சுவரும் தெருவும் இயற்கை கொடுத்தவை, அவற்றை ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிட்டனர். திறன் பலகையின் புதுமை இங்கேதான் இருக்கிறது. நடுவில் நிற்கும் சுவரையே கருவியின் ஓர் உறுப்பாக்க அது முயல்கிறது.

ஊட்டி மலைச் சரிவில் ஒரு கண்ணாடி

இந்தக் கருத்தைப் புரிந்துகொள்ள நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சிறந்த பாடசாலை உண்டு. ஊட்டிக்கு அருகில் முத்தோரையில் உள்ள வானொலித் தொலைநோக்கி அது. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-இல் இயங்கத் தொடங்கியது. அதன் எதிரொளிப்பான் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. நீள்வாக்கில் பிளந்த குழாயின் ஒரு பாதியைக் கவனத்திற் கொள்ளுங்கள். அதுதான் அதன் உருவம்.

இந்தப் பெரிய கண்ணாடி தகட்டால் ஆனதன்று. 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை இணையாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கம்பிகளுக்கிடையே காற்று புகும், மழை ஒழுகும். ஆனால் வானத்திலிருந்து வரும் 92 செ.மீ. அலைநீளமுள்ள வானொலி அலைக்கு, சில சென்டிமீட்டர் இடைவெளிகள் கண்ணுக்கே தெரியா. கம்பி வரிசையை அது முழுத்தகடாகவே உணர்ந்து திரும்புகிறது. இது முதல் பாடம்: அலைநீளத்தைவிட மிகச் சிறிய துண்டுகளால் ஒரு பரப்பை அமைத்தால், அலை அதை ஒரே பரப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது பாடம் இன்னும் சுவையானது. ஊட்டியின் அட்சரேகை ஏறத்தாழ 11 டிகிரி. அதே அளவு சாய்வுள்ள மலைச் சரிவில் தொலைநோக்கியை வடக்கு தெற்காக அமைத்ததால், அதன் நீண்ட அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாகிவிட்டது. எனவே கிழக்கிலிருந்து மேற்கே நகரும் விண்பொருளைத் தொடர, அந்த ஓர் அச்சில் சுழற்றினால் போதும். ஆனால் வடக்கிலோ தெற்கிலோ உள்ள விண்பொருளைப் பார்க்க வேண்டுமானால்? அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள சட்டத்தை அந்தப் பக்கம் சாய்க்க முடியாது. சாய்க்கவும் இல்லை.

எதிரொளிப்பானின் குவியக் கோட்டில் 1,056 இருமுனை ஆண்டெனாக்கள், சுமார் அரை மீட்டருக்கு ஒன்றாக, வரிசையாக நிற்கின்றன. வடக்கே சற்றுச் சாய்ந்த திசையிலிருந்து அலை வந்தால் வடகோடி ஆண்டெனாவை முதலிலும் தென்கோடி ஆண்டெனாவைக் கடைசியிலும் தொடும். முந்தி வந்ததைச் சற்றுக் காக்கவைத்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால், தொலைநோக்கி அந்தத் திசையைப் ‘பார்க்கிறது’ என்று பொருள். காக்கவைக்கும் அளவை மாற்றினால் பார்க்கும் திசை மாறும். இரும்புச் சட்டம் அசையவே இல்லை!

ஊட்டியில் இந்தக் காக்கவைக்கும் வேலையை ஆண்டெனாக்களுக்குப் பின்னுள்ள மின்சுற்றுகள் செய்கின்றன. கம்பிக் கண்ணாடி செய்வதில்லை. அந்த வேலையைக் கண்ணாடியிடமே கொடுத்தால் கிடைப்பதுதான் திறன் பலகை.

அசையாமல் திருப்பும் கணக்கு

சமதளக் கண்ணாடியில் படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று படித்திருப்பீர்கள். செங்குத்தாக விழும் அலை வந்த வழியே திரும்பும். அதை 30 டிகிரி வலப்புறம் அனுப்ப வேண்டுமானால் கண்ணாடியை 15 டிகிரி சாய்க்க வேண்டும். சாய்க்காமல் அனுப்புவது எப்படி என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

எளிமைக்காக அலைநீளம் 10 செ.மீ. என்று கொள்வோம். பலகையில் 5 செ.மீ. இடைவெளியில் சிறு உலோகத் துண்டுகள் வரிசையாக ஒட்டப்பட்டுள்ளன. செங்குத்தாக வரும் அலை எல்லாத் துண்டுகளையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. ஒவ்வொரு துண்டும் அலையை எல்லாத் திசைகளிலும் பரப்புகிறது. 30 டிகிரி வலப்புறத்தில், வெகுதூரத்தில் உங்கள் செல்பேசி இருக்கிறது. வலப்பக்கத் துண்டு, தன் இடப்பக்கத் துண்டைவிடச் செல்பேசிக்கு எவ்வளவு அருகில் இருக்கும்? 5 × சைன் 30° = 2.5 செ.மீ. இது அலைநீளத்தில் கால் பங்கு. ஆகவே வலப்பக்கத் துண்டின் அலை கால் அலை முந்திக்கொண்டு வந்து சேரும்.

அதை அங்கேயே கால் அலை, அதாவது 90 டிகிரி கட்டம், தாமதப்படுத்திவிட்டால்? இரண்டும் ஒன்றாக வந்து சேரும். எனவே இடமிருந்து வலமாகத் துண்டுகளுக்கு 0, 90, 180, 270, மீண்டும் 0, 90 என்று கட்டத் தாமதம் கொடுக்க வேண்டும். 360 டிகிரி என்பது ஒரு முழு அலை. அதுவும் 0 டிகிரியும் ஒன்றே. அவ்வாறு செய்தால் 30 டிகிரி திசையில் எல்லா அலைகளும் முகடோடு முகடு சேர்ந்து ஆக்கக் குறுக்கீடு நிகழ்கிறது. மற்றத் திசைகளில் அவை ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன. தட்டையான பலகை, சாய்ந்த கண்ணாடியாகிவிட்டது!

நாளை செல்பேசி வேறு திசைக்கு நகர்ந்தால் பலகையைத் தொட வேண்டியதில்லை. தாமத எண்களை மாற்றினால் போதும். 45 டிகிரிக்கு என்ன தாமதம் தேவை என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். விடை ஏறத்தாழ 127 டிகிரி வர வேண்டும்.

பலகைக்குள் என்ன இருக்கிறது?

ஒரு துண்டு அலையை எப்படித் தாமதப்படுத்தும்? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இயல்பு அதிர்வெண்ணைவிட மெதுவாக ஆட்டினால் ஊஞ்சல் உங்கள் கையோடு ஒத்து ஆடும். அதைவிட வேகமாக ஆட்ட முயன்றால் ஊஞ்சல் பின்தங்கி, கைக்கு எதிராக ஆடும். ஆட்டும் வேகத்துக்கும் இயல்பு அதிர்வெண்ணுக்கும் உள்ள உறவைப் பொறுத்துப் பின்தங்கும் அளவு மாறுகிறது.

பலகையிலுள்ள ஒவ்வோர் உலோகத் துண்டும் ஒரு மின் ஊஞ்சலே. அது மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்றைப் போல நடந்துகொள்ளும். துண்டுகளுக்கிடையே வாரக்டர் என்னும் டயோடைப் பொருத்துகிறார்கள். அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை மாற்றினால் மின்தேக்குத் திறன் மாறும். ஊஞ்சலின் இயல்பு அதிர்வெண் மாறும். திரும்பும் அலையின் கட்டமும் மாறும். இன்னும் எளிய பலகைகளில் பின் டயோடுகள் உள்ளன. அவை சுவிட்சு போலத் திறந்தோ மூடியோ இருக்கும். அப்போது ஒரு துண்டுக்கு இரண்டே நிலைகள்: 0 டிகிரி அல்லது 180 டிகிரி. இரண்டு நிலைகளை வைத்தே ஓரளவு திருப்பலாம். ஆனால் துல்லியமான தாமதத்தால் கிடைக்கும் திறனில் சுமார் 40 சதவீதமே வேண்டிய திசையில் சேரும். நான்கு நிலைகள் இருந்தால் இது 81 சதவீதமாக உயரும்.

இந்தத் துறைக்கு இந்தியாவோடு பழைய உறவு உண்டு. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1890-களிலேயே மில்லிமீட்டர் அளவு அலைநீளமுள்ள வானொலி அலைகளை உண்டாக்கி, அவற்றின் எதிரொளிப்பையும் விலகலையும் ஆராய்ந்தார். 1898-இல் அவர் முறுக்கிய சணல் நார்களின் வழியே அலையைச் செலுத்தி, அதன் அதிர்வுத் தளம் சுழல்வதைக் காட்டினார். பொருளின் வேதியியல் அன்று, அதன் வடிவமைப்பே அலையை ஆள முடியும் என்பதற்கு அது ஒரு தொடக்கச் சான்று. இன்று ‘மெட்டா பொருள்’ எனப்படும் துறை இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. மெல்லிய பரப்பில் கட்டத்தைப் படிப்படியாக மாற்றினால் எதிரொளிப்பு விதியே விரிவடைகிறது என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கபாசோ குழுவினர் 2011-இல் காட்டினர். 2014-இல் சீனாவின் நான்ஜிங் நகரில் டீ ஜுன் குயி குழுவினர், துண்டுகளுக்கு 0, 1 என்று எண் கொடுத்துக் கணிப்பொறியால் ஆளும் பரப்பை வெளியிட்டனர். 2020 ஜனவரியில் ஜப்பானின் டோகோமோ நிறுவனமும் ஏ.ஜி.சி. கண்ணாடி நிறுவனமும் சேர்ந்து, 28 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தேவைக்கேற்ப ஊடுருவவோ எதிரொளிக்கவோ செய்யும் ஒளிபுகும் பலகையைச் சோதித்ததாக அறிவித்தன. 2021-இல் ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் இதற்கென்றே ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது.

பலமும் பலவீனமும்

பத்துத் துண்டுகளின் அலைகள் ஒத்துச் சேர்ந்தால் வீச்சு 10 மடங்காகும். திறன், வீச்சின் இருமடியைப் பொறுத்தது. எனவே அது 100 மடங்கு! துண்டுகளை இரட்டித்தால் கிடைக்கும் திறன் நான்கு மடங்காகும். இதில் மாயம் ஒன்றுமில்லை. இரு மடங்கு பரப்பு இரு மடங்கு ஆற்றலைப் பிடிக்கிறது. பிடித்ததை இரு மடங்கு குறுகலாகக் குவிக்கிறது. ஆற்றல் அழியாமை விதி எங்கும் மீறப்படவில்லை.

இனி பலவீனத்தைப் பார்ப்போம். கோபுரத்திலிருந்து பலகைக்கு வரும்போது அலை ஒருமுறை பரவி நலிகிறது. பலகையிலிருந்து செல்பேசிக்குப் போகும்போது மறுமுறை நலிகிறது. ஆகவே கிடைக்கும் திறன், இரண்டு தூரங்களின் பெருக்கற்பலனின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். மொத்த வழி 100 மீட்டர் என்று கொள்வோம். பலகையை நட்டநடுவில் வைத்தால் பெருக்கற்பலன் 50 × 50 = 2,500. ஒரு முனைக்கு 10 மீட்டர் அருகில் வைத்தால் 10 × 90 = 900. இரண்டையும் வகுத்து இருமடியாக்கினால் 7.7 வருகிறது. அதாவது நடுவில் வைப்பதைவிட ஓரத்தில் வைத்தால் ஏறத்தாழ 8 மடங்கு திறன் கிடைக்கும்! ஆகவே திறன் பலகையைக் கோபுரத்தின் அருகிலோ, பயன்படுத்துவோர் அருகிலோதான் வைக்க வேண்டும். சிறு பலகையால் பெரிய பயன் இல்லை. நூற்றுக்கணக்கான துண்டுகள் வேண்டும்.

இன்னொரு சிக்கல், இந்தப் பலகை குருடு. அலையைப் பெற்று அளக்கும் கருவி அதில் பொதுவாக இல்லை. எந்தத் தாமதம் சரி என்று அதற்கே தெரியாது. 256 துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலைகள் என்றால் 2-ஐ 256 முறை பெருக்கிய அளவுக்கு ஏற்பாடுகள் உண்டு. எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க இந்தப் பேரண்டத்தின் வயதும் போதாது. எனவே ஒரு துண்டின் நிலையை மாற்றுவது, செல்பேசியில் சிக்னல் கூடினால் அப்படியே விடுவது, குறைந்தால் பழைய நிலைக்குத் திருப்புவது, பிறகு அடுத்த துண்டுக்குப் போவது என்று வழி காண்கிறார்கள். முன்கூட்டியே கணித்து வைத்த சில ஏற்பாடுகளுள் ஒன்றைத் தேர்வதும் உண்டு. நடந்து செல்லும் மனிதரை இப்படித் தொடர்வதுதான் இன்றைய ஆய்வாளர்களுக்குப் பெரிய சவால்.

சட்டச் சிக்கலும் உண்டு. பலகை ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். ஆனால் அதன்மேல் எல்லா நிறுவனங்களின் அலைகளும் விழும். ஒருவருக்காகத் திருப்பியது மற்றொருவரின் அலையைக் கெடுத்தால் யார் பொறுப்பு? இக்கேள்விக்கு இயற்பியலில் மட்டும் விடை தேட முடியாது.

நம் ஊருக்கு எப்போது?

2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்காக மொட்டை மாடியிலும் மரத்தடியிலும் சிக்னல் தேடிய மாணவர்கள் தமிழ்நாட்டில் பலர். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் அவர்களுள் ஒருவராக இருந்திருக்கலாம். அத்தகைய ஊர்களுக்குத் திறன் பலகை மருந்தாகுமா?

நேர்மையாகச் சொல்ல வேண்டும். கோபுரமே வெகுதூரத்தில் உள்ள ஊரில் பலகையின்மேல் விழும் அலையே மிகக் குறைவு. இல்லாத வெயிலை எந்தக் கண்ணாடியும் கொண்டுவராது. காரியாபட்டியைச் சுற்றியுள்ளது போன்ற சமவெளியில், மேடு பள்ளம் குறைந்த கரிசல் நிலத்தில், நீண்ட அலைகள் தாராளமாகப் பரவும். அங்கே முதலில் வேண்டியவை அருகில் ஒரு கோபுரம், தடையில்லாத மின்சாரம், கோபுரத்துக்கு வந்து சேரும் கண்ணாடி இழை வடம் ஆகியவை. இவற்றுக்குப் பதிலாக ஒரு பலகையைக் காட்டினால் நாம் ஏமாறக் கூடாது.

ஆனால் ஊருக்குள் நிழல் விழும் இடங்கள் வேறு. கோபுரம் தெருமுனையில் தெரியும். பள்ளியின் பின்கட்டு வகுப்பறையிலோ, தகரக் கூரையிட்ட நெசவுக் கூடத்திலோ, அரசு மருத்துவமனையின் உள்ளறையிலோ சிக்னல் வராது. அங்கே எதிர்ச்சுவரில் ஒரு பலகை போதும் என்ற நிலை வந்தால் அது பெரும் நன்மை. அலையைப் பெருக்கி அனுப்பும் கருவியைவிடப் பலகைக்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும். சிறிய சூரியத் தகடு அதை இயக்கலாம். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை! அந்த நிலை வர, பலகையின் விலை குறைய வேண்டும். வெயிலையும் புழுதியையும் தாங்க வேண்டும். அதன் குருட்டுத் தன்மைக்கு விடை கிடைக்க வேண்டும். இவை மூன்றும் முடிந்துபோன வேலைகள் அல்ல. உங்களுக்காகக் காத்திருக்கும் வேலைகள்.

செய்து பாருங்கள்

இரண்டு செல்பேசிகளும் ஓர் எவர்சில்வர் தாம்பாளமும் இருந்தால் போதும். ஒரு செல்பேசியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட்டை இயக்கி அறையின் ஒரு மூலையில் வையுங்கள். மற்றதை எதிர்மூலையில் வைத்து, அதில் வைஃபை வலிமையை டெசிபல் எண்ணாகக் காட்டும் செயலி ஒன்றை இயக்குங்கள். அதற்குப் பின்னால் தாம்பாளத்தைச் செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வொரு சென்டிமீட்டராகப் பின்னுக்கு நகர்த்துங்கள். அலைநீளம் 12.5 செ.மீ. தாம்பாளம் கால் அலை, அதாவது சுமார் 3 செ.மீ. நகர்ந்தால், போய்த் திரும்பும் வழி அரை அலை மாறும். ஆகவே எண் ஏறியும் இறங்கியும் வர வேண்டும். எண் தானாகவும் சற்று ஆடும். எனவே ஒவ்வோர் இடத்திலும் பத்து முறை குறித்துச் சராசரி எடுங்கள். நீங்கள் அறையின் குறுக்கே நடமாடாமல் இருப்பதும் முக்கியம்.

தூரத்தைக் கிடையச்சிலும் சிக்னலை நிலையச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள். மேடு பள்ளங்களுக்கு இடையே உள்ள தூரத்திலிருந்து அலைநீளத்தைக் கணக்கிட முடிகிறதா என்று பாருங்கள். சுவர்களில் பட்டு வரும் மற்ற அலைகள் வரைபடத்தைக் குழப்பினால் சோர்ந்துவிடாதீர்கள். அந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்துவதற்காகத்தான் திறன் பலகையையே உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.